கையைப் பிடித்த சுவர்

சங்கரன்கோவிலில் பாதி வீடுகளைக் கட்டிக் கொடுத்த காண்டிராக்டர் சங்கரநயினார், ஒரு சிமெண்ட் கம்பெனி அனுப்பிய காலண்டரில் சிமெண்டே இல்லாமல் கட்டிய சுவர் ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த மாதத் தாளைக் கிழிக்காமலே வருஷத்தை ஓட்டி, அடுத்த வருஷமும் அதையே மாட்டி வைத்து, அந்தச் சுவர் இருக்கிற ஊர் பெரு நாட்டில் குஸ்கோ என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மனைவியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவுசெய்து, டிக்கெட்டும் போட்டு, போகாமலே இறந்துபோனார்.

அவர் போனபின் வீட்டில் மிஞ்சியவர்கள் மனைவி கோமதியும் தங்கை ஆவுடையும். ஆவுடைக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் மாப்பிள்ளை வேலைக்கென்று பம்பாய்க்குப் போய் அங்கேயே காணாமல் போய்விட, அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அங்கேயே நரைத்துவிட்டாள். அவளுக்கும் கோமதிக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. எப்போதோ ஒரு தீபாவளிக்கு எதற்காகவோ பேச்சு நின்றது. எதற்கு என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோய், நின்றது மட்டும் நிலைத்துவிட்டது. 'உங்க தங்கச்சிய சாப்பிட வரச் சொல்லுங்க' என்று கோமதி கணவரிடம் சொல்வாள். 'மதினி மாத்திரை போட்டாகளான்னு கேளுங்கண்ணே' என்று ஆவுடை அண்ணனிடம் சொல்வாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் நிற்கிற இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கத்துக்கும் எடுத்துக் கொடுப்பார் சங்கரநயினார். அவர் இறந்தபின் அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது.

அப்பா ஆசைப்பட்டது, நீங்க ரெண்டு பேராவது போயிட்டு வாங்க என்று சென்னையிலிருந்த மகள் இந்துமதி அடம்பிடித்ததால்தான் அவர்கள் கிளம்பினார்கள். சுற்றுலாக் குழுவில் சென்னைக்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், திருச்சியிலிருந்து ஒரு டாக்டர். கூட்டிப் போனவன் ஜெயசீலன் என்ற இளைஞன். விமானம் தரையை விட்டு எழும்புமுன்பே அவன் சங்கரநயினாரின் வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டான். 'தம்பி, அவங்களுக்குக் குளுருதான்னு கேளுங்க' என்பாள் கோமதி. 'தம்பி, குளுரலன்னு சொல்லுங்க' என்பாள் அடுத்த சீட்டிலிருந்து ஆவுடை. ஜெயசீலன் முதலில் சிரித்தான், பிறகு பழகிவிட்டான்.

குஸ்கோ மலைமேல் இருக்கிற ஊர். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். விடுதியில் கொக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்து, மெதுவாக நடங்கள், மெதுவாகப் பேசுங்கள் என்றார்கள். மறுநாள் காலையில் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட வில்பெர் வந்தான். நாற்பது வயதுக்காரன், பழுப்புத் தொப்பி, இன்கா ராஜாக்களைப் பற்றிச் சொல்லும்போது போன மாதம் குடிபெயர்ந்துபோன பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வான். முதலில் குன்றின்மேலிருந்த கோட்டைக்குக் கூட்டிப்போனான். லாரி அளவுக் கற்களை அடுக்கிய சுவர்கள் வளைந்து வளைந்து நின்றன. ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீட்டுக்கும் மாதா கோவிலுக்கும் இங்கேயிருந்துதான் கல் எடுத்தார்கள், தூக்க முடியாதவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள் என்றான். பிறகு சூரியன் கோவில். ஒரு காலத்தில் தங்கத்தகடு போர்த்தியிருந்த கருங்கல் சுவர், அதன் தலையில் கிறிஸ்தவ மடம். பூகம்பம் வந்தபோது மேலே இருந்தது பெயர்ந்து விழுந்தது, கீழே இருந்தது அப்படியே நின்றது என்றான் வில்பெர். பிறகு விழுந்ததையும் எடுத்துக் கட்டினோம், இரண்டும் எங்களுடையதுதானே என்றான்.

அங்கிருந்து பெரிய சதுக்கத்துக்குப் போகிற வழியில்தான் லொரேட்டோ தெரு. தெரு என்றாலும் சந்துதான். நடுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால், இரண்டு பக்கமும் ஆளைவிட உயரமாகச் சாம்பல் நிறக் கல்சுவர், கல்லும் கல்லும் சேர்ந்த இடத்தில் தலைமுடி நுழையாது. வலதுகைப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு காலத்தில் பெண்கள் மட்டும் இருந்தார்கள் என்று வில்பெர் சொன்னான். நாலா திசையிலிருந்தும் சிறு பெண்களைத் தேர்ந்தெடுத்து அம்மாவிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, சூரியனுக்குத் துணி நெய்யவும் சோளக்கள் காய்ச்சவும் இங்கே வைத்தார்கள். ராஜாக்கள் போனபின் அதே சுவர்மேல் கன்னியர் மடம் எழும்பியது, இன்னும் கன்னியர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஆக இந்தச் சுவர் பெண்களைத் தவிர வேறு யாரையும் அறியாது என்றான்.

சங்கரநயினாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுவர் எழும்பி முடிந்ததும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் நிற்பார். காலண்டரில் பார்த்தது இந்தச் சுவர்தானா, வேறு சுவரா என்று கோமதிக்குத் தெரியாது. அவருக்குப் பதிலாக ஒருதடவை வைப்போம் என்று வலது உள்ளங்கையைக் கல்லில் வைத்தாள்.

சுவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

இறுக்கிப் பிடிக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் கூட வருகிறவர் பிடிப்பதுபோல, தொலைந்துவிடாதே என்கிற மாதிரி பிடித்தது. கல் விரலுக்கு நடுவே ஏறி, மணிக்கட்டு வரைக்கும் வந்து, அங்கே நின்றது. வெதுவெதுப்பாக இருந்தது. கோமதி கத்தவில்லை, பிடுங்கவும் இல்லை. எல்லாரும் சதுக்கத்தை நோக்கி நடக்க, அவள் மட்டும் நின்றாள். பின்னால் வந்த ஆவுடைதான் அதைப் பார்த்தாள். பார்த்தும் மதினியிடம் கேட்காமல், முன்னால் போய், தம்பி, அவங்க கை சுவத்துல மாட்டிருக்கு, என்னன்னு கேளுங்க என்றாள்.

ஜெயசீலன் ஓடிவந்து பார்த்துவிட்டு வில்பெரைக் கூப்பிட்டான். வில்பெர் தொப்பியைக் கழற்றினான். பிறகு கோமதியிடம் அல்ல, சுவரிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ மரியாதையாகச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, இன்று பார்க்க வேண்டிய மாதா கோவிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். இந்தத் தெருவில் எப்போதாவது நடப்பதுதான் என்று விளக்கினான். அவன் சின்னவனாக இருந்தபோது முட்டை விற்கிற ஒரு அம்மாளைப் பிடித்தது. அதற்குப் பிறகு, கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மணப்பெண்ணை. மாப்பிள்ளையும் பாதிரியாரும் இங்கேயே வந்து கல்யாணத்தை முடித்தார்கள். இழுக்கக் கூடாது, உளி சுத்தியல் என்று பேசக் கூடாது, அதுவாக விடுகிற வரைக்கும் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சி டாக்டர் வந்து கோமதியின் கையை மணிக்கட்டுக்கு மேலே பிடித்து நாடி பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, நாடி மட்டும் இரண்டாக ஓடுகிறது, ஒன்று அவங்களோடது, மற்றது கொஞ்சம் நிதானமாக ஓடுகிறது என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

செய்தி சந்துக்கு இரண்டு முனையிலும் போய்ச் சேர்ந்தது. முதலில் வந்தவள் தெருமுனையில் அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் விற்கிற சத்துர்னினா; தன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, கோமதியின் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். கம்பளி விற்கிறவன் விற்பனைக்கு வைத்திருந்த போர்வையைக் கொண்டுவந்தான். தெருக்காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டு மூங்கில் கழிகளைக் கட்டி, சைக்கிள்காரர்கள் இடித்துவிடாமல் ஒதுங்கிப் போக வழி செய்தார். மேலே மடத்துச் சன்னல் திறந்து, முகம் தெரியாத ஒரு கன்னியாஸ்திரீ கயிற்றில் கட்டி ஒரு தூக்குப் பாத்திரம் சூப் இறக்கினார். மற்ற சுற்றுலாக் குழுக்கள் வந்தபோது அந்தந்த வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்தி, இது இன்கா காலத்துச் சுவர், மேலே இருப்பது ஸ்பானியர் கட்டியது, இவர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிற அம்மா என்று சொல்லிக் கடந்தார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டவர்களைச் சத்துர்னினா கண்ணாலேயே அடக்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று, சுவருக்கும் வணக்கம் சொல்லி கோமதிக்கும் வணக்கம் சொல்லிப் போனார்கள். ஒதுங்க வேண்டிய நேரம் வந்தபோது தெருப் பெண்கள் அதை முகத்திலேயே தெரிந்துகொண்டு, ஒரு வாளியைக் கொண்டுவந்து, முதுகைத் திருப்பி வட்டமாக நின்று, அகலப் பாவாடைகளை விரித்து ஒரு அறையே கட்டிவிட்டார்கள். அவர்கள் உள்ளூர் கெச்சுவா மொழியில் பேசினார்கள், கோமதி சங்கரன்கோவில் தமிழில் பேசினாள், யாரும் யாரிடமும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன் இன்காக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவுக்கு ரயில். ஜெயசீலன் தலையில் கை வைத்துக்கொண்டு சந்தில் மேலும் கீழும் நடந்தான். குழுவை அனுப்பிவிட்டு நான் இருக்கிறேன் என்றான். அவன் இல்லாமல் குழு போக முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். நீ போ தம்பி, அவங்களையும் கூட்டிட்டுப் போ, அவங்க அண்ணன் இந்தச் சுவரோட சேத்துப் பாக்கணும்னு ஆசப்பட்ட இடம் என்றாள் கோமதி. ஆவுடை, நான் போகலன்னு சொல்லுங்க தம்பி என்றாள். ஏன்னு கேளு என்றாள் கோமதி. ஆவுடை முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்த் தம்பதி தங்கள் பெட்டியிலிருந்து புளிக்காய்ச்சல் டப்பாவை எடுத்து ஆவுடையிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அன்றைய குளிரை லொரேட்டோ தெரு கணப்புச் சட்டிகளாலும் கம்பளிகளாலும் தாண்டியது. கோமதி சுவரில் சாய்ந்து தூங்கினாள். வருஷக்கணக்கில் அப்படித் தூங்கவில்லை.

காலையில் வெயில் சந்துக்குள் இறங்கியபோது எடுத்துச் சொல்ல ஜெயசீலன் இல்லை. வில்பெரும் குழுவோடு போயிருந்தான். மடத்திலிருந்து கயிற்றில் சோறு இறங்கியது. கன்னியர்களுக்கு யார் சொன்னார்களோ, வெறும் வெள்ளைச் சோறு. ஆவுடை அதில் புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தாள். பிசைந்து கோமதியின் முன்னால் வைத்தாள். கோமதியின் வலது கை சுவரிடம் இருந்தது. இடது கையால் சாப்பிட அவள் மனசு ஒப்பவில்லை. சோளக்காரி எழுந்து வரப் பார்த்தாள். எழுந்தவள் ஆவுடையின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

ஆவுடை ஒரு கவளத்தை எடுத்து நீட்டினாள்.

"வாயத் திறங்க மதினி."

அந்தத் தீபாவளிக்குப் பிறகு அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. கோமதி வாயைத் திறந்தாள். இரண்டு வாய், மூன்று வாய் இறங்கியது. காரம் சரியாக இருக்கிறதா என்று ஆவுடை கேட்டாள். இருக்கு, உனக்கு வச்சிருக்கியா என்று கோமதி கேட்டாள். இப்படித்தான் தொடங்கியது. பாத்திரம் காலியாகிற வரைக்கும், இங்கே வெயில் எப்படிச் சுடுகிறது, நிழல் எப்படிக் குளிர்கிறது என்று பேசினார்கள். பிறகு கைகழுவிவிட்டு வந்த ஆவுடை, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

"மதினி, அன்னைக்கு நீங்க குளிச்சிட்டு வாறேன்னு ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போனீங்கள்ல" என்றாள்.

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். அவள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள்தான் சங்கரநயினாரின் உயிர் போனது. கூட இருந்தவள் ஆவுடை. கடைசியில் என்ன நடந்தது என்று கோமதி கேட்கவில்லை. கேட்க நடுவில் ஆள் இல்லை.

"அண்ணன் கண்ண மூடிக்கிட்டே கையால துழாவினாக. நான் கையக் கொடுத்தேன். பிடிச்சிக்கிட்டு, கோமதி, மழை பெய்யுதா, சுவரு நனையுதான்னு கேட்டாக."

கோமதி முக்காலியிலேயே அவள் பக்கம் திரும்பினாள்.

"வெளிய வெயில்தான் அடிச்சுது. நான் ஆவுடைன்னு சொல்லல மதினி. பெய்யுதுங்க, நல்லா நனையுதுங்கன்னு சொன்னேன். நீங்க சொல்ற மாதிரியே சொன்னேன். அதுக்கப்புறம் கைய விடவே இல்ல."

புதுச் சுவர் கட்டி முடித்த வாரத்தில் மழை பெய்தால் சங்கரநயினாருக்கு அத்தனை சந்தோஷம் வரும். தண்ணீர் ஊற்றுகிற ஆள் வந்தானா என்று போன் போட வேண்டாம், சுவர் தானாக நனைந்து இறுகும். மழைச் சத்தம் கேட்டதும் தூக்கத்திலேயே கோமதியை எழுப்பிக் கேட்பார். பெய்யுது, தூங்குங்க என்பாள் அவள்.

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோமதி கேட்கவில்லை. ஆனாலும் ஆவுடையே சொன்னாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். அவரும் போகும்போது மதினியின் பெயரைத்தான் சொன்னார். சொல்லிவிட்டால் அந்தப் பிடியும் மதினியினுடையதாகிவிடும், அவளுக்கு ஒன்றும் இருக்காது என்று பயமாக இருந்தது. எந்தக் கை என்று கோமதி கேட்டாள். ஆவுடை வலது கையை நீட்டினாள். கோமதி தன் இடது கையால் அதை எடுத்து மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். அழுதாள். ஆவுடையும் அழுதாள். சத்துர்னினா எழுந்துபோய், அந்தப் பக்கமாக வந்த ஒரு பெரிய குழுவை வேறு தெரு வழியாகப் போகச் சொல்லித் திருப்பிவிட்டாள்.

சுவர் அப்போதும் விடவில்லை. இப்போது விட்டுவிடும் என்று தெருவே எதிர்பார்த்து நின்றது. கம்பளிக்காரன் வேலையை விட்டு வந்து பார்த்தான். மேலே சன்னலில் கன்னியர்களின் வெள்ளை முக்காடுகள் கூடின. ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். மத்தியானத்துக்கு மேல், இந்த ஊர்ச் சோளம் இத்தனை பெரிதாக இருந்து என்ன செய்ய, உப்பே இல்லையே என்று கோமதி குறைசொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். ஓட்டியது வலது கை. கல்லில் ஒரு குழியும் இல்லை, தடமும் இல்லை. கையில் மட்டும் வெதுவெதுப்பு இருந்தது. சத்துர்னினா முக்காலியைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். போலீஸ்காரர் மூங்கிலை அவிழ்த்தார்.

அடுத்த நாள் குழு திரும்பி வந்தபோது ஜெயசீலன் கோமதியின் கையைக் குலுக்கிக் குலுக்கிச் சந்தோஷப்பட்டான். விட்டுப்போன மாதா கோவிலை அவசரமாகப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் லீமாவுக்கு விமானம், அங்கிருந்து ஊர். பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, தெருக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வருகிறோம் என்று கோமதியும் ஆவுடையும் லொரேட்டோ தெருவுக்கு வந்தார்கள். கோமதி சத்துர்னினாவுக்குத் தன் புடவை ஒன்றைக் கொடுத்தாள். கம்பளிக்காரனைக் கும்பிட்டாள். மேலே பார்த்து, சன்னல் மூடியிருந்தாலும் கும்பிட்டாள். தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது.

ஆவுடை சுவரோரம் நின்றிருந்தாள். மதினியின் கை இருந்த இடத்தில் தன் வலது உள்ளங்கையை வைத்தாள். கல் கல்லாகவே இருந்தது, ஜில்லென்று. கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல நின்றார்கள். அவள் சுவருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"நான் ஆவுடை" என்றாள், மெதுவாக.

கல் விரலுக்கு நடுவே ஏறியது. மணிக்கட்டு வரைக்கும் வந்து நின்றது.

ஜெயசீலன் ஓடிவந்து பார்த்துவிட்டு, வாய்க்கால் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தான். வில்பெர் தொப்பியைக் கழற்றினான். சத்துர்னினா மறுபேச்சில்லாமல் முக்காலியை எடுத்துவரப் போனாள். கோமதி, ஜெயசீலனிடம் குழுவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். பெட்டியை மட்டும் இறக்கிவிடு என்றாள். ஆவுடையின் தலைமுடி காற்றில் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவளால் ஒதுக்க முடியாது என்றில்லை, இடது கை சும்மாதான் இருந்தது, ஆனால் கண்ணை மூடி நின்றிருந்தாள். கோமதி அதை எடுத்து அவள் காதுக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

அப்போது சென்னையிலிருந்து இந்துமதி போன் செய்தாள். விமான நிலையத்துக்குக் கிளம்பியாச்சா என்று கேட்டாள்.

"இல்ல இந்து" என்றாள் கோமதி. "உங்க அத்தை கைய இங்க ஒருத்தங்க பிடிச்சிருக்காங்க. அவங்க விட்டதும் வாறோம்."